திருடனுக்குக் கிடைத்த சர்க்கார் வேலை

1972இல் சிவகாசியிலிருந்து எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அதைப் படித்து வளர்ந்தவர்களின் நினைவில் மாயாவி ரகசியப் படையின் ஏஜென்ட், நல்லவன். ஆனால் லண்டனில் 1962 அக்டோபர் 6 அன்று வெளிவந்த ‘வேலியண்ட்’ காமிக்ஸின் முதல் இதழில் அவன் பிறந்தபோது வில்லன். கென் புல்மர் எழுதி, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தத் தொடரில், லூயிஸ் கிராண்டெல் ஒரு சோதனைக்கூட உதவியாளன். வலது கை போய் இரும்புக்கை பொருத்தியிருந்தவனுக்கு இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய, கை மட்டும் தெரிய உடல் மறைந்துபோகிறது. கிடைத்த சக்தியை வைத்துக் கொள்ளையில் இறங்குகிறான். நியூயார்க் நகரையே தகர்க்கத் துணிகிறான். அப்படிப்பட்டவன் பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறையின் நிழல்படையில் சேர்ந்துவிடுகிறான்.

இதை மனம் திருந்திய கதை என்று சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ லண்டனில் திரையேறியது வேலியண்ட் வெளிவந்ததற்கு முதல் நாள். அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டனில் எங்கு பார்த்தாலும் உளவாளிகள்தான். கிராண்டெலுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்தக் காலத்தின் சந்தை. அவன் செய்யும் காரியங்களைப் பாருங்கள். வில்லனாக இருந்தபோதும் இரும்பு விரலை பிளக் பாயிண்டில் செருகி மறைந்தான், பூட்டிய இடத்துக்குள் நுழைந்தான். ஏஜென்ட் ஆன பிறகும் அதையேதான் செய்கிறான். கூடுதலாக, விரலுக்குள் துப்பாக்கி வந்தது. மேலே கேட்டால் காட்ட ஓர் உத்தரவு இருந்தது.

விபத்தின் அதிர்ச்சியில் புத்தி தடுமாறித்தானே குற்றம் செய்தான், அவனை வில்லன் எனலாமா என்று கேட்பார்கள். கதையும் அந்தச் சமாதானத்தைத்தான் சொல்கிறது. ஆனால் தொடரை மேலே கொண்டுபோக நாயகன் ஒருவன் வேண்டியிருந்தது. அவன்மேல் இருந்த கறையைத் துடைக்க அது வசதியான வழி. தண்டனை, இழப்பீடு, பாதிக்கப்பட்டவர்களின் முகம் எதையும் அந்தச் சமாதானம் கேட்கவில்லை.

அயல்நாட்டுச் சரக்குக்கு இங்கே என்ன வரலாறு என்பது இன்னொரு கேள்வி. வேலியண்ட் 1976இல் வேறோர் இதழோடு கலந்து மறைந்தது. தமிழில் மாயாவி அதற்குப் பிறகும் பல பதிப்புகள் கண்டான். காரணத்தில் ஒரு பங்கு நம் பக்கத்தில் இருக்கிறது. எழுபதுகளின் சென்னை ஆதம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரங்கிமலை ஸ்டேஷன் வழியாக 1931 முதல் மின்ரயில் ஓடியது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இலேயே வந்துவிட்டது. தனியார் வேலை எவ்வளவு இருந்தாலும், பெண் கொடுக்கிற வீடு முதலில் விசாரித்தது கவர்ன்மென்ட் உத்தியோகமா என்பதைத்தான். உத்தியோகம் ஒருவனின் பழைய கணக்கையெல்லாம் நேர்செய்துவிடும் என்று நம்பிய வீடுகளில், அரசாங்கம் வேலைக்கு எடுத்துக்கொண்ட திருடனை யாரும் துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில் நியாயமும் உண்டு: மாதச் சம்பளமும் பென்ஷனும் பல குடும்பங்களைக் கரையேற்றியவை. கிராண்டெலிடம் அது ஒத்துவராத இடம் ஒன்றே. தொடரின் கடைசிக் காலத்தில் அவன் உளவுப் பணியை விட்டுவிட்டு, குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துச் சன்மானம் வாங்குகிறவனாகிறான். உத்தரவு போட மேலதிகாரி இல்லை, கூலி பேசி வேட்டைக்குப் போகிறான். கையில் இருப்பது பழைய அதே இரும்புக்கைதான்.