நீர்ப்பிடிப்புப் பகுதி மீட்பு: காடும் மேய்ச்சல் நிலமும்

மழை குறைந்த வட்டாரங்களில் சிதைந்த காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மீட்டு, மழைநீரை மண்ணுக்குள் இறங்கச் செய்வதே நீர்ப்பிடிப்புப் பகுதி மீட்பு. புல்லும் சருகும் போன தரையில் மழைத்துளி நேரே அறைந்து மேல்மண்ணை இறுக்கிவிடும். உள்ளே புகாத நீர் வண்டலோடு ஓடி ஏரிகளைத் தூர்க்கும்.

திருச்சி எடமலைப்பட்டி புதூரை ஒட்டி ஓடும் கோரையாறு மழையை மட்டுமே நம்பியது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்துவிடும். கரையை உயர்த்துவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. மேட்டு நிலங்களிலேயே நீரைத் தேக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்பணியைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றது, ஜப்பானியக் கடனுதவியுடன் 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம். நலிந்த காடுகளில் கன்றுகள் நடப்பட்டன. தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் அமைந்தன. கிராம வனக் குழுக்கள் பராமரிப்பில் பங்கேற்றன. 2005இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது.

மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவதே இதில் கடினம். 1970களில் சண்டிகரின் சுக்னா ஏரி தூர்ந்துவந்தபோது, அதன் நீர்ப்பிடிப்பிலுள்ள சுகோமாஜ்ரி ஊரார் மலைச்சரிவில் ஆடுமாடு மேய்ப்பதைத் தாங்களே கைவிட்டனர். ஈடாக, புதிய சிற்றணைகளின் நீரில் நிலமற்ற குடும்பங்களுக்கும் பங்கு கிடைத்தது. சரிவில் புல் மீண்டது. வண்டல் வரத்து வெகுவாகக் குறைந்தது.

ஆழமற்ற வறள்மண்ணில் புல்லுக்கும் புதருக்குமே முதலிடம் தர வேண்டும். நெருக்கமாக நட்ட மரங்கள் நிலத்தடி நீரைக் குறைத்துவிடவும் கூடும்.