ஒரு ஷில்லிங் பெட்டி முதல் இணைய ஏலம் வரை: பொம்மை வீரர்களின் விலை வரலாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

விரல் நீளம்கூட இல்லாத பொம்மை வீரர்கள். ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்தவை. மேசைமேல் அணியணியாக நிறுத்தி, பகடை உருட்டிப் போர் விளையாடுவதற்கானவை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் இவற்றை வாங்கிச் சேர்க்கிறார்கள். "பொழுதுபோக்கு மட்டுமில்லை டீச்சர், முதலீடும்தான்" என்கிறார்கள். இணைய ஏலங்களில் சில பொம்மைகள் கடை விலையைப் போலப் பத்து மடங்கு, இருபது மடங்குக்குப் போவது உண்மைதான். அதைவிடப் பழைய, அதைவிட அழகான பொம்மைகள் கேட்பாரற்றுக் கிடப்பதும் உண்மைதான்.

பழையதாக இருந்தால் விலை ஏறும் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். இந்தப் பொம்மைகளின் கதையைப் பார்த்தால் அது அப்படியில்லை என்று புரியும்.

1893-லிருந்து தொடங்குவோம். அதுவரை ஐரோப்பாவில் பொம்மை வீரர் வியாபாரத்தில் ஜெர்மனியின் கைதான் ஓங்கியிருந்தது. நூரம்பெர்க் நகரத்தில் தட்டையான வெள்ளீயப் பொம்மைகள் செய்தார்கள். டிரெஸ்டன் நகரத்து ஹைடே நிறுவனம் முழு உருவப் பொம்மைகளைக் கெட்டியாக வார்த்தது. கெட்டியாக வார்த்தால் உலோகம் நிறையச் செலவாகும், எடையும் கூடும், விலையும் கூடும்.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்பம் பொம்மைத் தொழில் செய்து வந்தது. பிரிட்டன் என்பது இங்கே நாட்டின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். அவருடைய மகன் 1893-ல் ஒரு வழி கண்டார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். அச்சை ஒட்டியிருக்கும் ஓரம் முதலில் இறுகும். நடுவில் இருப்பது இறுகுவதற்குள் அச்சைக் கவிழ்த்து, அந்த ஈயத்தை வெளியே கொட்டிவிடுவார்கள். மிஞ்சுவது உள்ளே கூடான பொம்மை. உலோகம் மிச்சம், எடை குறைவு. சிவப்புப் பெட்டியில் எட்டு காலாட்கள் அல்லது ஐந்து குதிரை வீரர்கள், ஒரு ஷில்லிங் அளவில் கிடைத்தார்கள். ஜெர்மன் சரக்கால் அந்த விலையோடு போட்டி போட முடியவில்லை.

பிரிட்டிஷ் பேரரசின் படைப்பிரிவுகளை எல்லாம் அவர்கள் பொம்மையாக்கினார்கள். வங்காளக் குதிரைப்படையும் இருந்தது, நம் மதராஸ் காலாட்படையும் இருந்தது. நம் ஊர்ச் சிப்பாய் லண்டன் பிள்ளைகளின் பொம்மைப் பெட்டிக்குள் நின்றிருக்கிறார்!

1913-ல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகத்தில், இந்தப் பொம்மைகளை வைத்து விதிமுறையோடு போர் விளையாடுவது எப்படி என்று எழுதினார். இன்றைய மேசைப்போர் விளையாட்டுகளுக்கு அதை ஒரு முன்னோடி என்கிறார்கள்.

லட்சக்கணக்கில் வார்த்த இந்த மலிவுப் பொம்மைகளில் சில பின்னாளில் எப்படி அரிதாயின? பிள்ளைகள் விளையாடினார்கள், அவ்வளவுதான். தலை உடைந்தது, துப்பாக்கி வளைந்தது, தோட்டத்து மண்ணில் புதைந்தது. கூடான ஈயம் எளிதில் உடையும். பெட்டியை யார் பத்திரப்படுத்துவார்கள்? போர்க் காலத்தில் பொம்மை செய்வது நின்றது. டிரெஸ்டன் ஹைடே தொழிற்சாலை 1945 குண்டுவீச்சில் அழிந்துபோனது. ஈயம் குழந்தைகளுக்கு ஆகாது என்ற கவலை வளர, பிரிட்டன்ஸ் நிறுவனமும் 1966-ல் ஈயப் பொம்மை வார்ப்பதை நிறுத்தியது. அலமாரியில் பத்திரமாக வைத்தவர்களுக்கும் ஆபத்து இருந்தது. ஓக் போன்ற மரங்களிலிருந்து வரும் அமில ஆவி பட்டால் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

எத்தனை செய்தார்கள் என்பதைவிட எத்தனை தப்பிப் பிழைத்தன என்பதுதான் கணக்கு. அதனால்தான், தொழிற்சாலையில் பூசிய வண்ணம் அப்படியே இருந்து, பெட்டியும் கூடவே இருந்தால் விலை பல மடங்காகிறது. மங்கிப்போயிற்றே என்று யாராவது புது வண்ணம் பூசினால் விலை விழுந்துவிடும்.

அடுத்த கட்டம் 1970-களில் வருகிறது. 1974-ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் சேர்ந்து 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து 1979-ல் பிறந்த 'சிட்டடெல்' நிறுவனம் பூதம், குள்ளர், மாயாவி என்று உலோகப் பொம்மைகளை வார்த்தது. 1983-ல் 'வார்ஹாமர்' வந்தது. பொம்மை விற்க வேண்டுமானால், அதை வைத்து விளையாட ஒரு விளையாட்டு வேண்டும் என்பதே அதன் பின்னாலிருந்த கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது.

இங்கே ஒரு வேடிக்கை. சிட்டடெல் பொம்மைகளை வண்ணம் பூசாமல் விற்றார்கள். வாங்குகிறவர்தான் பூச வேண்டும். அதனால் பழைய பொம்மைக்கு, வண்ணமே படாமல் பிரிக்காத உறையில் இருந்தால் நல்ல விலை. கைதேர்ந்தவர் பூசியிருந்தால் அதற்கும் விலை உண்டு. அரைகுறையாகப் பூசியிருந்தால்தான் குறையும். பிரிட்டன்ஸ் பொம்மைக்கு மதிப்பைக் கூட்டுகிற பழைய வண்ணப்பூச்சே, இங்கே பெரும்பாலும் மதிப்பைக் குறைக்கிறது. பொருள் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வாங்குகிறவர் எதைத் தேடுகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

பிள்ளைகள் தொலைத்ததால் வந்த அருமை ஒன்று. தயாரிப்பாளரே திட்டமிட்டு உண்டாக்கிய அருமை இன்னொன்று. 2000-ல் வந்த 'மேஜ் நைட்', 2002-ல் வந்த 'ஹீரோகிளிக்ஸ்', 2003-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினியேச்சர்கள் எல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளில் விற்கப்பட்டன. மூன்றாவதாகச் சொன்னதில் பெட்டிக்கு எட்டு பொம்மை. அதில் அரியது ஒன்று, நடுத்தரம் மூன்று, சாதாரணம் நான்கு. வேண்டிய அரிய பொம்மை கிடைக்கும்வரை பெட்டி பெட்டியாக வாங்க வேண்டும், அல்லது கிடைத்தவரிடம் போய் வாங்க வேண்டும். ஆகவே இவற்றின் மறுவிற்பனைச் சந்தை, பெட்டி கடைக்கு வந்த அன்றே பிறந்துவிட்டது. அந்தச் சந்தை நடந்த இடம் பெரும்பாலும் இணையம்.

1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்ற இளைஞர் 'ஆக்‌ஷன்வெப்' என்ற இணைய ஏலத்தைத் தொடங்கினார். அதுதான் பிறகு 'ஈபே' ஆனது. அதில் முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் விளக்கு, 14.83 டாலருக்கு. உடைந்ததையும் தேடி வாங்க உலகத்தில் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் இணைய ஏலம் கற்றுத்தந்த முதல் பாடம்.

அதற்கு முன் பழைய பொம்மை வேண்டுமென்றால் வியாபாரியின் பட்டியல், சேகரிப்போர் சங்கம், நகரத்து ஏலக்கூடம் என்று அலைய வேண்டும். இணையம் வந்ததும் எல்லா வீட்டுப் பரண்களும் ஒரே சந்தையில் திறந்தன. அரிது என்று நினைத்திருந்த பல பொம்மைகள் நூற்றுக்கணக்கில் இருப்பது தெரிந்து, அவற்றின் விலை இறங்கியது. உண்மையிலேயே அரியவற்றுக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வந்து, விலை ஏறியது.

அந்த ஏலத்தில் விலை எப்படி முடிவாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்பதை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். உங்கள் சார்பாக ஏலத்தளமே படிப்படியாகக் கேட்கும். செந்திலின் உச்சவரம்பு 5,000 ரூபாய். மாலாவுக்கு 3,000. மூன்றாவது ஆளுக்கு 800. செந்திலுக்குத்தான் பொம்மை. ஆனால் அவர் 5,000 தர வேண்டியதில்லை. மாலாவின் 3,000-க்கு மேல் ஒரு படி, சுமார் 3,050 தந்தால் போதும். அன்று மாலாவுக்குக் காய்ச்சல், கணினிப் பக்கமே வரவில்லை என்று வையுங்கள். அதே பொம்மை, அதே செந்திலுக்கு, சுமார் 850 ரூபாய்க்குப் போய்விடும்.

அதாவது, ஏல விலை என்பது பொருளின் தரத்தைச் சொல்லவில்லை. வென்றவரின் ஆசையைக்கூடச் சொல்லவில்லை. தோற்ற இரண்டாவது ஆளின் ஆசையைச் சொல்கிறது. 1961-ல் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் இந்த முறையைக் கணித ரீதியாக ஆராய்ந்தார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் அவர் காலமானார். ஆனால் தபால்தலை ஏலக்காரர்கள் இதைப் போன்ற முறையை 1893-லேயே அமெரிக்காவில் கடைப்பிடித்திருக்கிறார்கள். பிரிட்டன் ஈயத்தைக் கவிழ்த்துக் கொட்டிய அதே ஆண்டு!

இன்னொன்று. நம் ஊர் ஏலத்தில் "ஒரு தரம், இரண்டு தரம், மூணு தரம்" என்பார்கள். கடைசித் தரத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் தொடரும். ஈபேயில் கடிகாரம்தான் ஏலக்காரர். நேரம் முடிந்தால் முடிந்தது. அதனால் கடைசிச் சில நொடிகளில் பாய்ந்து கேட்பவர்கள் உண்டு. அந்நாளில் அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசியில் யாராவது கேட்டால் நேரம் நீளும், நம் மூணு தரம் மாதிரி. ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகம் என்று கண்டார்கள். விதி மாறினால் மனிதர் நடத்தையும் மாறும்.

சரி, அந்த இரண்டாவது ஆள் யார்? பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதில் அந்தப் பொம்மையைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஏங்கியவர். இன்று கையில் சம்பளம் இருக்கிறது. 1980-களின் பொம்மைக்கு இப்போது விலை இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். 1920-களில் பிரிட்டன்ஸ் பொம்மையோடு விளையாடிய தலைமுறை இன்று இல்லை. அவர்கள் சேர்த்தவை ஒன்றன்பின் ஒன்றாக ஏலத்துக்கு வருகின்றன. நினைவோடு வாங்கும் கைகள் குறைகின்றன. அபூர்வமானவை தாக்குப்பிடிக்கும், சாதாரணப் பெட்டிகளுக்கு அது கடினம்.

தயாரிப்பாளர் நினைத்தாலும் விலையைக் கவிழ்க்கலாம். 2015-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் பழைய வார்ஹாமர் உலகத்தை முடித்து, புது விளையாட்டைக் கொண்டுவந்தது. இடைக்காலப் பிரான்ஸ் சாயலில் இருந்த பிரெட்டோனியா குதிரை வீரர்களும், பண்டை எகிப்துச் சாயலில் இருந்த எலும்புக்கூட்டுப் படையும் விற்பனையிலிருந்து நீங்கின. இனி வராது என்று நம்பிப் பலர் அதிக விலைக்கு வாங்கினார்கள். 2024 ஜனவரியில் அந்தப் பழைய உலகம் திரும்ப வந்தது. முதலில் வந்தவை அந்த இரண்டு படைகள்தான். பல பொம்மைகள் பழைய அச்சிலேயே வார்த்தவை. விளையாட விரும்பியவர்களுக்குக் கொண்டாட்டம். முதலீடு என்று பூட்டி வைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அச்சு யார் கையில் இருக்கிறதோ, அருமையும் அவர் கையில்தான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் இங்கிலாந்தில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் அழைத்தான். பக்கத்து வீட்டு அம்மாள் மறைந்த கணவரின் அறையைக் காலி செய்கிறார். இரண்டு பிஸ்கட் டின் நிறைய ஈயப் பொம்மைகள், ஒரு சிவப்புப் பெட்டி. மொத்தமாக நாற்பது பவுண்டுக்குத் தருகிறாராம். "நெட்ல இதே மாதிரி பெட்டி அறுநூறு பவுண்டுன்னு போட்டிருக்கு டீச்சர். வாங்கிடட்டுமா?" என்று கேட்டான்.

நான் சொன்னது இதுதான். "தம்பி, அறுநூறு என்பது ஒருவர் கேட்கிற விலை. கேட்கிற விலைக்கு வானமே எல்லை. உண்மையில் விற்று முடிந்த விலைகளை மட்டும் பார். ஒன்றைப் பார்த்து முடிவு செய்யாதே, பத்துப் பதினைந்து பார். பொம்மையைக் கழுவாதே, ஒட்டாதே, வண்ணம் பூசாதே. முக்கியமாக, பார்த்ததை அந்த அம்மாவிடம் சொல்லிவிடு. ஏலத்தில் விலை ஓரளவு நியாயமாக இருப்பது, கேட்பவர் பலர் இருப்பதால். அந்த வீட்டில் கேட்பவன் நீ ஒருவன்தான். அந்த அம்மாவுக்கு அதன் விலையும் தெரியாது."

அவன் சொன்னான். அந்த அம்மாள் சார்பில் அவனே ஏலத்தில் போட்டான். டின் பொம்மைகள் சொற்ப விலைக்குப் போயின. பெட்டி ஓரளவு நன்றாகப் போனது, அறுநூறு அருகில்கூட இல்லை. ஆனாலும் அவர் கேட்ட நாற்பதைவிட நாலு மடங்குக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. அவன் ஒரு பென்னிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியது மாதிரி.

பொம்மை சேர்க்கும் பிள்ளைகளுக்கும், நாணயம், தபால்தலை, பழைய பேனா சேர்க்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிடித்திருந்தால் வாங்குங்கள், விளையாடுங்கள், அடுக்கி வைத்துப் பாருங்கள். வீட்டுக் கடன் இருக்கும்போது முதலீடு என்று சொல்லி அதில் பணம் போடாதீர்கள். ஒரு நோட்டில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள், எங்கே எவ்வளவுக்கு வாங்கினீர்கள், விற்க நேர்ந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். இல்லையென்றால், நீங்கள் இருபது வருடம் தேடிச் சேர்த்ததை ஒருநாள் காயலான் கடைக்காரர் கிலோக் கணக்கில் எடை போட்டு எடுத்துப் போவார். அவர்மேல் தப்பில்லை, வீட்டில் இருப்பவர்கள்மேலும் தப்பில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். நிதானமாகப் படித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்