கறுப்பு ஒயரின் பூர்வீகம்

1970-களில் அமெரிக்காவில் ஸ்டீரியோ செட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஸ்பீக்கர் ஒயரைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மேசை விளக்குக்குப் போடும் இரட்டை ஒயரையே கடைக்காரர் வேண்டிய நீளத்துக்கு வெட்டி, காசு வாங்காமல் சுருட்டிக் கொடுத்துவிடுவார். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் லேசர் பிரிவில் பொறியாளராக இருந்தவர் நோயல் லீ. மனசு முழுக்க டிரம்ஸ். வேலையை உதறிவிட்டு ஒரு இசைக்குழுவோடு ஹவாய்க்குப் போனார். அது நிலைக்கவில்லை. ஊர் திரும்பியவரின் கண்ணில் பட்டது அந்த ஓசி ஒயர்.

வீட்டில் விதவிதமான ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகி, ஒரே இசையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்: சாய்க்கோவ்ஸ்கியின் ‘1812’. பீரங்கி முழக்கத்தோடு முடியும் அந்த இசை எந்த ஒயரின் பலவீனத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். ஒயர் தடித்தால் மின்தடை குறையும். மாயம் எதுவும் இல்லை. 1979-ல் ‘மான்ஸ்டர் கேபிள்’ என்று பெயர் வைத்து விற்கக் கிளம்பினார். சும்மா கிடைக்கிற சாமானுக்கு எவன் காசு கொடுப்பான்?

கொடுத்தார்கள். ஸ்டீரியோவைவிட ஒயரில் லாப விகிதம் அதிகம் என்று தெரிந்ததும் கடைக்காரர்களும் கட்சி மாறினார்கள். ஆனால் இயற்பியல் குறுக்கே நின்றது. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 3 மீட்டர் நீளம். போக வர 6 மீட்டர். அதன் மொத்த மின்தடை சுமார் 0.04 ஓம். எதிரே இருப்பதோ 8 ஓம் ஸ்பீக்கர். அதற்கு மேல் எவ்வளவு தடித்தாலும் காதுக்குக் கிடைப்பது சொற்பம். வியாபாரத்துக்குப் புதுக் கதை வேண்டியிருந்தது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு வந்தது, வெள்ளி வந்தது. 1990-களில் நெதர்லாந்தின் வான் டென் ஹல் நிறுவனம் உலோகமே இல்லாத கார்பன் இழைக் கேபிளைக்கூடக் கொண்டுவந்தது. அடுத்த கதையோ, ஸ்டீரியோ பக்கமே தலைவைத்துப் படுக்காத ஓர் ஆய்வகத்தின் குப்பைத்தொட்டியில் உருவாகக் காத்திருந்தது.

ஆந்த்ரே கெய்ம் என்ற ரஷ்யரிடம் ஒரு வினோதப் பழக்கம்: முறையான ஆராய்ச்சிக்கு நடுவே ‘வெள்ளி இரவுச் சோதனை’ என்று எதையாவது கிளறிப் பார்ப்பார். 1997-ல் நெதர்லாந்தில் இருந்தபோது உயிருள்ள தவளையைக் காந்தப்புலத்தில் மிதக்கவிட்டார். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான ‘இக் நோபல்’ 2000-ல் அதற்குக் கிடைத்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் அவர் கை வைத்தது கிராஃபைட்டில், அதாவது பென்சில் முனையின் கரியில். அதை எவ்வளவு மெல்லியதாக்க முடியும்?

சீனாவிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவரிடம் ஒரு கிராஃபைட் வில்லையையும் பளபளப்பாக்கும் இயந்திரத்தையும் கொடுத்து, முடிந்தமட்டும் தேய்க்கச் சொன்னார். மாணவர் தேய்த்தார், தேய்த்தார், கடைசியில் கண்ணாடித் தட்டின் அடியில் ஒரு துணுக்கைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் அளந்தால் தடிமன் 10 மைக்ரான்! மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. போதாக்குறைக்கு, கெய்ம் எடுத்துக் கொடுத்த கிராஃபைட்டே தப்பான ரகம்.

பக்கத்தில் வேறு வேலையாக இருந்தவர் கார்கிவிலிருந்து வந்த மூத்த விஞ்ஞானி ஒலெக் ஷ்க்ளியாரெவ்ஸ்கி. அவருடைய கருவிக்கு கிராஃபைட்டின் மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். செல்லோ டேப்பை ஒட்டிப் பிய்த்தால் மேலடுக்கு உரிந்துவரும். டேப் குப்பைக்குப் போகும். தேய்ப்பதில் பட்ட பாட்டைக் கேட்டவர், அப்படி வீசிய டேப்பை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒட்டியிருந்த சில செதில்கள் மாணவர் தேய்த்ததைவிடப் பல மடங்கு மெல்லியவை!

கெய்மின் சகா கான்ஸ்டன்டைன் நோவோசெலோவ் களத்தில் இறங்கினார். உரித்ததையே மீண்டும் உரித்தார்கள். ஆக்சைடு பூசிய சிலிக்கான் தகட்டில் வைத்தால் செதிலின் தடிமனை நிறமே காட்டிக்கொடுத்தது. கடைசியில் எஞ்சியது ஒற்றை அணு அடுக்கு: கிராஃபீன். இத்தனை மெல்லிய தனித்தாள் நிலைக்காது என்று லாண்டாவும் பையர்ல்ஸும் 1930-களிலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். அது நிலைத்தது, மின்சாரமும் கடத்தியது. கட்டுரையை ‘நேச்சர்’ இருமுறை திருப்பி அனுப்பியது. 2004 அக்டோபரில் ‘சயின்ஸ்’ வெளியிட்டது. 2010-ல் நோபல். அந்தப் பெயர் தங்கமாயிற்று. தங்கத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒயர் வியாபாரிகளின் காதிலும் அது விழுந்தது.

இன்று ஹை-ஃபை கடைகளில் தனி இடம் பிடித்திருக்கும் கிராஃபீன் ஆடியோ கேபிள் பிறந்தது இப்படித்தான். ஓசி ஒயருக்கும் குப்பைத்தொட்டி டேப்புக்கும் நடந்த கல்யாணம். ஆனால் உறையைச் சீவிப் பார்த்தால் பொதுவாக உள்ளே இருப்பது பழைய செம்பு. கிராஃபீன், வெளி இரைச்சலைத் தடுக்கும் உறையில் கலந்த கறுப்புத் துகளாகவோ கம்பியின் மேல் பூச்சாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதையே கம்பியாக்கினால் என்ன? ஒரு மி.மீ. தடிமனுக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் தாள்களை அடுக்க வேண்டும். அடுக்கினால் அது திரும்பவும் கிராஃபைட், பழைய பென்சில் கரி. செம்பின் பக்கத்தில் நிற்காத கடத்தி.

கிராஃபீனுக்கு ஒலியில் வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2013-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு விஞ்ஞானிகள் கிராஃபீனையே அதிரும் சவ்வாக்கி இயர்ஃபோன் செய்து காட்டினார்கள். இலேசும் உறுதியும் ஒன்றாகத் தேவைப்படுகிற இடம் அது. ஒயருக்கு அந்த இரண்டும் எதற்கு?

வீட்டில் மாட்டிப் பார்த்து, பாட்டு தெளிந்தது என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாள்பட்ட செருகியில் களிம்பு ஏறியிருக்கும். பழையதை உருவிப் புதியதைச் சொருகும்போது உரசலில் அது விலகி, தொடர்பு இறுகும். அந்த மாற்றம் பழைய ஒயரையே ஒருதரம் கழற்றி மாட்டினாலும் கிடைக்கும், செலவில்லாமல்.