வீட்டு புரொஜெக்டரில் வீடியோ கேம்

டிவிக்கோ கணினித் திரைக்கோ பதிலாகச் சுவரில் அல்லது தனித்திரையில் படத்தை விழச்செய்து வீடியோ கேம் ஆடுவது 1970களிலிருந்து வரும் வழக்கம். பெரிய படத்துக்காகவே இந்த ஏற்பாடு என்பது விற்பவர்களின் வாதம். கணக்கு வேறு சொல்கிறது. 100 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 221 செ.மீ. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் அது சுமார் 40 பாகையை அடைக்கும். மேசைமேல் 70 செ.மீ. தொலைவில் நிற்கும் 27 அங்குலக் கணினித் திரையோ 46 பாகையை அடைத்துவிடுகிறது. ஆகவே, தனியாக ஆடுபவருக்குச் சின்னத் திரைதான் பெரியது. புரொஜெக்டர் உண்மையில் கூடுதலாகத் தருவது ஒன்றே: ஒரே படத்தை நாலைந்து பேர் தோள் இடிக்காமல் பார்க்கலாம். இக்கருவியின் வரலாறும் அதன்மீதான குறைகளும் கூட்டாக ஆடுவது என்ற இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

திரையில் விழும் படமும் விளையாட்டும் மின்னணுவியலுக்கு முன்பே சேர்ந்துவிட்டன. திரையில் ஓடும் சினிமாப் படத்தைக் குறிபார்த்துச் சுடும் கூடங்கள் 1910களிலேயே பிரிட்டனில் இருந்தன. நின்டெண்டோவின் வைல்டு கன்மேன் (1974) 16 மி.மீ. பிலிமை ஓட்டியது, படத்தில் நிற்கும் கௌபாய் துப்பாக்கியை உருவுவதற்குள் ஆடுபவர் முந்திச் சுடவேண்டும். ஒருவர் சுட, மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க என்றே அமைந்த ஆட்டங்கள் இவை. வீட்டைப் பொறுத்தவரை தொடக்க ஆண்டு 1972. அமெரிக்காவில் ஹென்றி கிளாஸின் அட்வென்ட் நிறுவனம், ஏழடித் திரையுடன் வீடியோபீம் 1000 என்ற புரொஜெக்ஷன் டிவியைக் கொண்டுவந்தது. ரால்ஃப் பேர் உருவாக்கிய கருவியை மேக்னவாக்ஸ் நிறுவனம் ஒடிசி என்ற பெயரில் விற்றதும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒடிசியால் காட்ட முடிந்தது சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டுமே. டென்னிஸ் மைதானம் முதலிய பின்னணிகள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களாக வந்தன. அவற்றை டிவி கண்ணாடிமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். 25 அங்குலம் வரையான டிவிகளுக்கு இரண்டு அளவுகளில் அவை கிடைத்தன. ஏழடித் திரைக்குத் தாள் கிடையாது.

வீடியோபீமுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படக்குழாய்கள். மூன்றின் ஒளியும் திரையில் ஒரே இடத்தில் விழவேண்டும். ஒன்று இம்மி விலகினாலும் வெள்ளை நிற ஸ்கோர் எண்ணின் ஒரு விளிம்பில் சிவப்பும் மறு விளிம்பில் நீலமும் பிதுங்கும். அதே எண் மணிக்கணக்கில் நகராமல் நின்றால் குழாயின் பாஸ்பர் பூச்சில் தழும்பு விழும். அடாரி 2600இன் (1977) பல ஆட்டங்கள் யாரும் தொடாதபோது தாமாக நிறம் மாறியது இதைத் தடுக்கத்தான். புரொஜெக்ஷன் டிவியோடு வந்த கையேடுகளும் வீடியோ கேமுக்கு எதிராக நெடுங்காலம் எச்சரித்துவந்தன.

புரொஜெக்டருக்கு எதிராக இன்று முதலில் எழும் ஆட்சேபம் தாமதம்: பட்டனை அழுத்துவது இப்போது, திரையில் அடி விழுவது அப்புறம். ஆனால் குழாய்க் கருவிகள் சிக்னல் வரவர வரிவரியாக வரைந்தன. அவற்றில் இந்தக் குறை இல்லை. அது டிஜிட்டல் முறையோடு வந்த வினை. 1989இல் ஷார்ப், எப்சன் நிறுவனங்களின் எல்சிடி புரொஜெக்டர்கள் வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டறிந்த நுண்கண்ணாடிச் சில்லு, 1996இல் டிஎல்பி புரொஜெக்டராகக் கடைக்கு வந்தது. இத்தகைய கருவிகள் படத்தை நினைவகத்தில் பிடித்துவைத்து, அளவு மாற்றி, மெருகேற்றி வெளியே விடுகின்றன. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, நாலைந்து படங்கள் இப்படித் தேங்கினால் சண்டை ஆட்டம் ஆடவே முடியாது. கோணலாக விழும் படத்தை மென்பொருளால் நேராக்கும் கீஸ்டோன் வசதி பல கருவிகளில் இதை இன்னும் கூட்டும். கருவியைத் திரைக்கு நேராக வைத்து, மெருகேற்றும் வேலைகளைக் குறைக்கும் கேம் மோடில் போட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும் குறையைப் புரொஜெக்டரின் பிறவிக் கோளாறாகச் சொல்வது சரியல்ல.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு வலு அதிகம். மூலைவிட்டம் 60 அங்குலத்திலிருந்து 120 ஆனால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவும், வெளிச்சம் கால்பங்காகும். கறுப்பை எந்தப் புரொஜெக்டராலும் வீசமுடியாது. விளக்கெரியும் அறையில் வெள்ளைச் சுவர் எவ்வளவு கறுப்போ, படத்தின் கறுப்பும் அவ்வளவுதான். இருட்டுத் தாழ்வாரத்தில் பேய் துரத்தும் ஆட்டங்கள் இங்கே எடுபடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரியோ கார்ட் 64 (1996) போன்ற பளீர் நிற ஆட்டங்களுக்கு அந்தச் சங்கடம் குறைவு. நால்வர் ஆடும்போது அது திரையை நான்காகப் பிரிக்கும்: 20 அங்குல டிவியில் ஆளுக்குப் பத்து அங்குலம், 100 அங்குலத் திரையில் ஆளுக்கு ஐம்பது. படம் சுவரில் விழுகிறதா டிவியில் தெரிகிறதா என்று கவலைப்படாத நின்டெண்டோ வீ (2006) கருவியும் புரொஜெக்டருக்கு ஒத்துவரும். டக் ஹன்ட் என்ற பழைய சுடும் ஆட்டத்தின் ஜாப்பர் துப்பாக்கி படக்குழாயின் ஒளித்துடிப்பை நம்பியதால் டிஜிட்டல் புரொஜெக்டரில் வேலை செய்யாது. வீயின் சென்சார் பட்டையிலோ அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. கேமரா கையில் பிடிக்கும் ரிமோட்டில் இருக்கிறது. பட்டையைத் திரைக்கு மேலோ கீழோ வைத்தால் போதும்.

நண்பர்கள் இப்போது இணையத்தில்தானே சந்திக்கிறார்கள் என்று கேட்கலாம். ஹேலோ 5 (2015) திரைப் பிரிப்பையே கைவிட்டது உண்மை. ஆனால் அது ஆட்டம் செய்பவர்களின் முடிவு. ஒரே அறையில் கூடி ஆடுபவர்கள் அதனால் இல்லாமல் போய்விடவில்லை, அவர்களுக்கான ஆட்டங்கள்தான் குறைந்தன.

தற்போது விளக்கின் இடத்தை லேசரும் எல்இடியும் பிடித்துவருகின்றன. 4கே என்று விற்கப்படும் பல டிஎல்பி கருவிகளில் இருப்பது 1080பி சில்லுதான். படத்தை நான்கு இடங்களுக்கு மாற்றி மாற்றி நகர்த்தி 4கே ஆக்குகிறார்கள். நகர்த்தலை நிறுத்தினால் அதே சில்லு நொடிக்கு 240 படம் காட்டும்.