பருத்திவிதை ஆட்டின உரல்

எங்க வீட்டுக் கொல்லையில ஒரு பழைய ஆட்டுரல் கிடக்கு. அது இட்லிக்கு மாவாட்டுனதில்ல. மாட்டுக்குப் பருத்திவிதை ஆட்டவே தாத்தா வாங்கிப் போட்டது. லீவுக்கு வந்த மெட்ராஸ் பிள்ளைக "இது எதுக்கு?"ன்னு கேட்டுச்சுக. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மாட்டுத்தொட்டிக்குப் பருத்திவிதை வந்த கதை, இந்த மண்ணோட கதைதான். கரிசல்ல கருங்கண்ணிப் பருத்தி விளைஞ்சது. 1900-களின் தொடக்கத்துல கம்போடியாப் பருத்தியும் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்துச்சு. 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்துல மில்லைத் தொடங்கினார். செடியில எடுத்த பருத்தியை ஜின்னிங்ல போட்டா ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் பஞ்சு, மிச்சமெல்லாம் விதை. பஞ்சு மில்லுக்குப் போச்சு, விதை மாட்டுக்கு வந்துச்சு.

அப்பத்தா ராத்திரியே விதையை ஊறப்போட்டு, விடியக்காலம் ஆட்டி, தவிடு சேர்த்துத் தண்ணியில கரைச்சு வைப்பாங்க. அதுல புரதமும் உண்டு, எண்ணெயும் உண்டு. பால் திக்கா இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கிண்டுறவங்களுக்கு அந்தப் பால்தான் வேணும். பாலும் சீனியும் மட்டுமே சேர்ற பண்டம் அது. 2019-ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு.

ஆனா கன்னுக்குட்டிக்கு மட்டும் அப்பத்தா பருத்திவிதையைக் காட்டவே மாட்டாங்க. "அதுக்கு ஆகாது"ம்பாங்க, அவ்வளவுதான். காரணம் எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. பருத்திவிதையில காசிப்பால்னு ஒரு நச்சுப்பொருள் இருக்கு. வளந்த மாட்டோட பெருவயித்துல இருக்குற கோடிக்கணக்கான நுண்ணுயிர்க அதோட வீரியத்தைக் குறைச்சிடும். பால்குடிக் கன்னுக்கு அந்த வயிறு இன்னும் வளந்திருக்காது.

1970-ல வெண்மைப் புரட்சித் திட்டம் ஆரம்பிச்சது. பிறகு ஊருக்கு ஊர் ஜெர்சிக் கலப்பு மாடு வந்துச்சு, கூடவே மூட்டைத் தீவனமும் வந்துச்சு. எங்க காட்டுலயும் பருத்தி போய் மக்காச்சோளம் ஏறிருச்சு. உரல் கொல்லைக்குப் போயிருச்சு.

அதோட அப்பத்தாவோட அளவும் போயிருச்சு போல. சில வருஷம் முன்னாடி சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துல மிஞ்சின சோறு, வீணாப்போகுதேன்னு ஒரு அண்டா நிறைய எங்க பசுவுக்கு வச்சேன். ராத்திரியே வயிறு உப்பிப் படுத்துருச்சு. டாக்டர் வந்து பார்த்தும் மறுநாள் மதியம் போயிருச்சு. ஈத்து ரெண்டுதான் ஆகியிருந்துச்சு. சோறு உள்ளே புளிச்சு அமிலமாகி, வைக்கோலைச் செரிக்க வைக்குற நுண்ணுயிர்களையே கொன்னுருச்சாம். தப்பு முழுக்க என்னோடது.

அன்னிக்குப் புரிஞ்சது, நாம தீனி வைக்குறது மாட்டுக்கு மட்டுமில்ல, அது வயித்துக்குள்ள இருக்குற அந்தக் கூட்டத்துக்கும்தான்னு. முதல்ல தட்டையும் பச்சைப்புல்லும் வயிறாரப் போகணும். புண்ணாக்கு, தவிடு, பருத்திவிதை எல்லாம் அதுக்கு மேல, அளவோட. புதுசா எதையாவது வைக்குறதா இருந்தா கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டணும். கலப்பு மாடு பால்லயே நிறையச் சுண்ணாம்புச் சத்தை இழக்குது. அதனால கறவை மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை போடுறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே அதைத் தயாரிக்குது.

போன மாசம் உரலைக் கழுவிப் பழைய இடத்துல வச்சுட்டேன். அரைப்படி விதைதான் ஆட்டுறேன். கன்னுக்குட்டி எட்டிப் பார்க்கும். அப்பத்தா மாதிரியே, அதைத் தள்ளிக் கட்டிட்டுத்தான் தொட்டியில ஊத்துறேன்.