கம்பி மௌனித்தால்: தண்டவாளம் முதல் இருகம்பிச் சுற்று வரை

'ஃபெயில்-சேஃப்' என்னும் தொழில்நுட்பச் சொல்லைத் தமிழாக்க முற்படுவோர் சிலர் 'பழுதுறாப் பாதுகாப்பு' என எழுதிவிடுகின்றனர். இது பொருளைத் தலைகீழாக்கும் பெயர்ப்பு. பழுது வராது என்று அச்சொல் உறுதி கூறவில்லை. பழுது வரத்தான் செய்யும். வரும்போது கருவி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதே அதன் வினா. அவ்வினாவின் வரலாற்றை நம் பேராக் மண்ணிலிருந்தே தொடங்கலாம்.

1876இல் கோலகங்சாரையும் தைப்பிங்கையும் தந்திக் கம்பி இணைத்தது. அக்காலத் தந்திக்குப் பொதுவாக ஒரே கம்பிதான். மின்னோட்டம் மண்வழியே திரும்பும். காட்டில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் தந்திக்கருவி ஓசையற்றிருக்கும். செய்தி ஏதும் இல்லாதபோதும் அது அவ்வாறே இருக்கும். இரண்டு மௌனங்களையும் எழுத்தர் எவ்வாறு பிரித்தறிவார்?

அதே 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில் இவ்வினாவுக்கு உயிர்கள் விலையாயின. பனி உறைந்து கைகாட்டிகள் 'செல்க' என்னும் நிலையிலேயே சிக்கிக்கொண்டன, இரயில்கள் மோதின. வழக்கமான நிலையே 'செல்க' என்றிருந்ததுதான் குறை. அதன்பின் 'நில்' என்பதே இயல்பு நிலையாயிற்று. இழுகம்பி அறுந்தாலும் கைகாட்டி தன் எடையமைப்பால் 'நில்' நிலைக்கே திரும்பும்.

அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் 1872இல் அமைத்த தண்டவாள மின்சுற்று இன்னும் நுட்பமானது. தண்டவாளங்களின் வழியே மின்னோட்டம் இடையறாது பாய்ந்து ஒரு மின்காந்த இணைப்பியைத் தூக்கிப் பிடித்திருக்கும். இரயில் ஏறினால் சக்கரங்களும் அச்சும் சுற்றைக் குறுக்கிட, இணைப்பி விழும், 'நில்' தோன்றும். மின்கலம் தீர்ந்தாலும் விழும். தண்டவாளம் முறிந்தாலும் விழும். 'பாதை காலி' என்பதைச் சொல்வதற்குத்தான் மின்சாரம் வேண்டும். 'ஆபத்து' என்பதைச் சொல்ல ஒன்றுமே வேண்டா.

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடிய மலாயாவின் முதல் இரயில், இக்கருத்து இரயில்வே உலகில் வேரூன்றிவந்த காலத்தது. அதன் பாதையை அமைத்தவருள் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினரும் உண்டு. பின்னாளில் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். போர்ட் வெல்ட் இன்று கோல செப்பெத்தாங். இரயில் அங்கே இல்லை.

இதே வினா நம் காலத்தில் மின்சில்லுக்குள் புகுந்துள்ளது. தோட்டங்களை விட்டு நகரங்களுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மின்னணு ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். ஈப்போவிலும் கார்செம், யூனிசெம் ஆலைகள் மின்சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கின்றன. எனவே நம் மாணவர்க்கு இது தொலைவான செய்தியன்று.

அதிவேகச் செய்திகளை இன்று பெரும்பாலும் இரு கம்பிகள் சுமக்கின்றன. ஒன்றில் மின்னழுத்தம் உயரும்போது மற்றொன்றில் தாழும். வெளி இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குவதால், வேறுபாட்டை மட்டும் படிக்கும் ஏற்பிக்கு இரைச்சல் பெரும்பாலும் கேட்பதில்லை. 1983இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-485 தரத்தில் வேறுபாடு 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் ஒரு நிலை. எதிர்த்திசையில் அதே அளவைக் கடந்தால் மறுநிலை. 1990களில் வந்த எல்விடிஎஸ் முறையிலோ முழு வேறுபாடே சுமார் 350 மில்லிவோல்ட்தான்.

இணைப்பு கழன்றால் என்னாகும்? கம்பிமுனையில் உள்ள முடிவுத்தடை இரு கம்பிகளையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவரும். வேறுபாடு சுழியம், அது எந்த நிலையையும் சாராத இடைவெளி. ஏற்பி சிறு இரைச்சலுக்கும் அங்குமிங்கும் தாவி, எவரும் அனுப்பாத செய்தியை வாசிக்கத் தொடங்கும்.

இதற்குப் பழைய மருந்து இரண்டு தடைகள்: ஒரு கம்பியைச் சற்றே மேலும், மற்றதைச் சற்றே கீழும் இழுத்து வைப்பவை. பிற்காலச் சில்லுகள் பலவற்றில் எல்லையையே நகர்த்திவிட்டனர். சுழியமும் '1' என்றே படிக்கப்படும். இழுப்பை மிகுத்தால் சமநிலை குலைந்து செய்தி சிதையும். வேகம் கூடிய சுற்றில், 350 மில்லிவோல்ட் அளவில், இது சிறு தொல்லையன்று.

மொழியியலார் இவ்விடத்தில் சற்று நிற்பர். 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' உருபு இல்லை. எனினும் பொருள் மயங்குவதில்லை. தொகை என்று இலக்கணம் முன்பே வரையறுத்துள்ளது. ஒலிக்காத இடத்துக்கும் பொருள் வகுத்த பின்னரே அம்மௌனம் மொழியாகிறது. சுற்றிலும் அவ்வாறே. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. இரயிலுக்கு 'நில்' என்பது ஏறக்குறைய எப்போதும் காப்பு. சுற்றில் '1' இயல்பாகவே காப்பன்று. அதை 'செய்தி இல்லை' என்று கொள்ளும் வழக்கு இருந்தாலே காப்பு. அவ்வழக்கு இருந்தாலும் அறுந்த கம்பியும் ஓய்ந்த கம்பியும் ஒன்றுபோலவே தோன்றும். தந்தி எழுத்தரின் ஐயம் முற்றும் நீங்கவில்லை. அதனாலேயே சில சில்லுகள் பழுதை அறிவிக்கத் தனிக் குறியொன்றை வைத்துள்ளன.

இனி, சொல்லாக்கத்துக்கு வருவோம். 'பழுதில் காப்பு' எனச் சுருக்கலாமா என முதலில் எண்ணினோம். 'பழுதில்' என்பதைப் 'பழுது இல்லாத' என்றும் பிரிக்கலாம். பழைய பிழை பின்வாசல் வழியே நுழைந்துவிடும். 'பழுதுறினும் காப்பு' என்பது சற்று நீளம்தான். அந்த 'உம்'மையில் பழுதும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. வகுப்பறைக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.