அபாயச் சங்கு (சிங்கப்பூர்)

அபாயச் சங்கு என்பது வான்தாக்குதல் போன்ற பேராபத்தை ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கும் ஒலிக்கருவி. சைரன் என்றும் வழங்கும். ஆலையில் வேலை நேரம் அறிவித்த கருவியையும் நகராட்சிக் கட்டடத்தில் மணி அறிவித்த கருவியையும் தமிழர் சங்கு என்றே அழைத்தார்கள். ஆபத்தை அறிவிக்கும் கருவிக்கும் அந்தப் பெயரே நின்றது. ஆனால் இதை யாரும் வாய்வைத்து ஊதுவதில்லை. காற்றைத் துண்டு துண்டாக நறுக்கினால் பிறப்பதே இதன் ஓசை.

1819இல் பிரெஞ்சு அறிஞர் ஷார்ல் கன்யார் த லா தூர் துளையிட்ட தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, துளைகளின் வழியே காற்றைச் செலுத்தினார். ஒவ்வொரு துளையும் திறந்து மூடும்போது காற்று ஒரு முறை துடிக்கிறது. துளைகளின் எண்ணிக்கையை நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் சுருதி கிடைத்துவிடும். நீருக்குள்ளும் ஒலித்ததால் கிரேக்கக் கதைகளின் கடற்பாடகியரான சைரன்களின் பெயரை அதற்கு வைத்தார்.

இரண்டாம் உலகப்போர்க் காலச் சங்கில் இதே தத்துவம் மின்மோட்டாரோடு சேர்ந்தது. உள்ளே சுழலும் ரோட்டார், அதைச் சுற்றி அசையாத கூடு, இரண்டிலும் சாளரங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றை எட்டாது. 2,800 சுற்று என்று கொண்டால் 10 சாளர ரோட்டார் 467 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பிரிட்டிஷ் சங்குகள் பலவற்றில் 12 சாளரங்கள் கொண்ட இன்னொரு ரோட்டாரும் அதே அச்சில் சுழன்றது. அதன் சுருதி 560. நம் இசைக் கணக்கில் இந்த 5:6 விகிதம் சட்ஜமத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி. அந்த ஓசையில் ஒரு துயரச் சாயல் கேட்கிறதென்றால், அதற்கு இந்த இணைவும் காரணம் என்பேன்.

ஏறி இறங்கும் ஓலமும் எந்திரத்தின் இயல்பிலிருந்தே வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் அடித்தொண்டை உறுமலாகத் தொடங்கி, வேகம் கூடக் கூடச் சுருதி ஏறும். மின்சாரத்தை நிறுத்தினாலும் கனமான ரோட்டார் உடனே நிற்காது. சுழன்று தளரத் தளரச் சுருதி சரியும். மீண்டும் மின்சாரம், மீண்டும் ஏற்றம். விசையை விட்டுவிட்டுப் போட்டால் அபாயம், போட்டபடியே விட்டால் ஆபத்து நீங்கியது. பிரிட்டன் ஏற்ற இந்த இரட்டை வழக்கு அதன் குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது.

அவற்றுள் ஒன்றான சிங்கப்பூர்மீது முதல் குண்டுகள் 1941 டிசம்பர் 8 விடியுமுன் விழுந்தன. நகர விளக்குகள் அப்போதும் எரிந்துகொண்டிருந்தன; 61 பேர் மாண்டனர். பின்னர் வந்த தாக்குதல்களில் சிராங்கூன் சாலை வட்டாரத்து மக்கள் பலர் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் தஞ்சம் புகுந்தனர். கோயில் சேதமின்றித் தப்பியது. 1942 பிப்ரவரி 15 அன்று நகரம் சரணடைந்தது.

அதே சிராங்கூன் சாலையில், ஓவன் சாலைச் சந்திப்பிலிருந்த ஹோட்டல் நியூ வோர்ல்ட் 1986 மார்ச் 15 அன்று இடிந்து விழுந்து 33 பேர் இறந்தனர். அந்த விபத்துக்குப் பிறகு, 1989இல் தீயணைப்புத் துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாக இணைக்கப்பட்டன. தீவெங்கும் உள்ள சங்குகளைக் கொண்ட பொது எச்சரிக்கை முறையை இயக்குவது அந்தப் படையே.

இக்கால மின்னணுச் சங்கில் ரோட்டார் கிடையாது, ஒலிபெருக்கிக் கொம்புகள்தான். எந்த ஓசையையும் எழுப்பக்கூடிய இந்தக் கருவியும் ஆபத்துக்குப் பழைய ஓலத்தையே எழுப்புகிறது. மூன்று தலைமுறையின் செவி பழகிய ஓசையை மாற்றாமல் விட்டது சரியான முடிவு. கொம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒலி வானத்தில் வீணாகாமல் கிடைமட்டமாகப் பரவும். தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும்: 30 மீட்டரில் 120 டெசிபல் தரும் சங்கு திறந்த வெளியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் 90தான் தரும். அடுக்குமாடி புளோக்குகள் மறித்து, குளிர்சாதனத்துக்காகச் சன்னலும் சாத்தியிருந்தால் இன்னும் குறையும். ஒரே பெரிய சங்கு போதாமல் தீவெங்கும் பலவற்றை நிறுத்தியதன் காரணம் இதுதான்.

அபாயம், ஆபத்து நீங்கியது ஆகிய இரண்டோடு 'முக்கியத் தகவல்' என்ற மூன்றாவது ஒலியும் உண்டு. முழுமைத் தற்காப்பு நாளான பிப்ரவரி 15 அன்று, சரணடைந்த நேரத்தை நினைவூட்டி மாலை 6.20க்கு அது ஒலிக்கிறது. குடிமைத் தற்காப்பு நாளான செப்டம்பர் 15 அன்றும் அது ஒலிப்பதுண்டு. அந்த ஒலியை வேறொரு நாளில் கேட்க நேர்ந்தால் உடனே உள்ளூர் வானொலியையோ தொலைக்காட்சியையோ போடுங்கள். தமிழில் கேட்க ஒலி 96.8 இருக்கிறது.